கத்தி இல்லை, ஆனால் ஊசி உண்டு: ‘த்ரெட் லிஃப்ட்’டில் என்ன நடக்கும்?

‘லஞ்ச் பிரேக்கில் போனால் போதும், பத்து வயது குறையும்’ என்று ரீல்ஸில் ஆசை காட்டுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எப்படிச் செய்கிறார்கள்? முகத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலுக்கு அடியில் முள்முள்ளான மெல்லிய நூலைச் செலுத்தி, தொய்ந்த சதையை இழுத்துப் பிடிப்பார்கள். அதிகம் பயன்படும் ‘பிடிஓ’ நூல், அறுவை சிகிச்சைத் தையலுக்கும் பயன்படுவதுதான். சுமார் 6 மாதங்களில் தானாகக் கரைந்துவிடும்.

எவ்வளவு நாள் தாங்கும்? பொதுவாக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அதுவும் லேசான தொய்வுக்குத்தான். தோல் ரொம்பத் தொங்கியிருந்தால் பெரிய மாற்றம் தெரியாது.

அடுத்த நாள்? வீக்கம், வலி, கன்றல் எல்லாம் சகஜம். அடங்க ஓரிரு வாரம் ஆகலாம். அதுவரை மல்லாந்துதான் படுக்க வேண்டும், ஃபேஷியல் கூடாது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

ரிஸ்க்? தோலில் குழி விழலாம், நூல் வெளியே தெரியலாம், தொற்று வரலாம். சீழ், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அறுவை இல்லை என்பதால் இது பார்லர் வேலை ஆகிவிடாது. ‘எவ்வளவு ஆகும்?’ என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘நூல் போடப்போவது யார்?’ பதில் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ இல்லையென்றால், எழுந்து வந்துவிடுங்கள்.