செய்மதி சொல்லும் நேரம் சரிதானா?

வீட்டு மணிக்கூட்டை வானொலியின் நேர அறிவிப்பைக் கேட்டுத் திருத்துகிறோம். வானொலி நிலையத்தார் தம் மணிக்கூட்டை எதைக் கொண்டு திருத்துவர்? இன்று பல நாடுகளில் வானொலி நிலையங்களும் தொலைபேசி நிலையங்களும் இதற்கு அமெரிக்காவின் ஜீ.பீ.எஸ். செய்மதிகளையே நாடுகின்றன. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலவும் அச்செய்மதிகளில் அணு மணிக்கூடுகள் உள. நிலத்திலுள்ள வாங்கி அவற்றின் அலைகளை ஏற்று, செக்கனுக்கு ஒரு மின்துடிப்பை வெளியிடுகின்றது.

அத்துடிப்பு உரிய கணத்திலேயே எழுகின்றதா என்று சோதிப்பது எங்ஙனம்? ஒரே வகையான இரு வாங்கிகளை அருகருகே வைத்து ஒப்பிடலாமே என மாணவர் சிலர் எண்ணக்கூடும். இரண்டும் ஒத்திருக்கலாம், ஆயினும் இரண்டுமே பிழைபட்டிருக்கலாம். ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே நானோசெக்கன். கூரையிலுள்ள அன்ரெனாவிலிருந்து இறங்கும் வடத்தில், ஒரு மீற்றரைக் கடக்க அலைக்கு ஏறக்குறைய 5 நானோசெக்கன் செல்லும். வடம் 30 மீற்றராயின் தாமதம் 150 நானோசெக்கன். அதைக் கணக்கிற் சேர்க்காவிடின், இரு வாங்கிகளும் ஒற்றுமையாகப் பிந்தும்.

ஆதலால், செய்மதியின் துணையின்றி இயங்கும் சீசியம் மணிக்கூட்டோடு துடிப்பைப் பல நாட்கள் ஒப்பிடுவர். பகலிலும் இரவிலும் அயன்மண்டலம் மாறுவதால் ஒரு மணி நேரச் சோதனை போதாது. அச்சீசியம் மணிக்கூடும் தனித்து நம்பப்படுவதில்லை. பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சர்வதேச நிறை அளவைப் பணியகம், ஏறக்குறைய 80 ஆய்வுகூடங்களின் மணிக்கூடுகளை ஒப்பிட்டு, அவற்றின் வேறுபாட்டை மாதந்தோறும் வெளியிடுகின்றது.

இவ்வளவு கவனம் வேண்டுமா? 2016 சனவரி 26ஆம் நாள் விடை கிடைத்தது. 1990இல் ஏவப்பட்ட பழைய செய்மதியொன்றைச் சேவையிலிருந்து நீக்கியபோது, ஏனைய செய்மதிகள் பலவற்றிற்குத் தவறான எண்கள் அனுப்பப்பட்டன. உலகப் பொது நேரம் 13.7 மைக்குரோசெக்கன் பிசகிற்று. அதற்குள் ஒளி 4 கிலோமீற்றர் சென்றுவிடும்! இடங்காட்டும் கணக்கிற்கு அவ்வெண்கள் வேண்டாமையால் கப்பல்கள் வழி தவறவில்லை. ஆனால் தொலைபேசி நிலையங்களில் அபாய அறிவிப்புகள் எழுந்தன, பீ.பீ.சீ.யின் இலக்கமுறை வானொலியும் தடைப்பட்டது. வேறொரு நல்ல மணிக்கூட்டை உடன் வைத்திருந்தோர்க்கே, பிழை தம் கருவியிலன்று, வானிலிருந்து வருகின்றது என்பதை அறிய வழியிருந்தது.

மாணவர்களே, ஒரு சாட்சியை அதே சாட்சியைக் கொண்டு விசாரித்தல் விசாரணையாகாது. பரிசோதனைச் சாலையில் உங்கள் அளவீடுகள் அழகாக ஒத்துவரும்போதுதான், வேறு வழியாலும் அளந்தோமா என்று கேட்டல் வேண்டும்.