பனிவிளையாட்டுக் காணச் செல்வார்க்கு

குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் காணவேண்டுமென்று விரும்பிச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வைக்கும் இளைஞர் சிலர் உளர். அவ்விருப்பத்தை யாம் இகழ்வேமல்லேம். ஆயினும், கைப்பொருள் குறைந்த ஒருவன் அயல்நாடு சென்று பனிவிளையாட்டுக் காண எண்ணுவானாயின், அவன் ஒலிம்பிக்கை நாடுவதினும், நார்வே நாட்டுத் தலைநகராகிய ஆஸ்லோவில் ஹோல்மென்கோலன் என்னும் குன்றின்கண் ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில் நடைபெறும் பனிச்சறுக்கு விழாவை நாடுதலே தக்கது என்பது எமது துணிபு.

நேரிற் செல்வோன் யாது காண்கிறான் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். மலைச்சரிவிற் சறுக்கிப் பாயும் வீரர் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் வருவர். தடத்தின் ஓரிடத்தில் நிற்பவனுக்கு அவர் தோன்றுவதும் மறைவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். மேலே நிகழ்ந்ததையும் கீழே நிகழ்வதையும் அங்கு நாட்டிய பெருந்திரையிற்றான் காணல் வேண்டும். திரையிற் காண்பதற்கு வீட்டிலுள்ள தொலைக்காட்சியே போதுமன்றோ? பனிக்கட்டிக் கால்வாயில் மல்லாந்து படுத்துச் செல்லும் லூஜ் வண்டிப் பந்தயமோ இதனினும் கடிது. 1998-இல் ஜப்பானிய நகரமாகிய நாகானோவில் நடந்த மகளிர் லூஜ் பந்தயத்தில், நான்கு ஓட்டங்களின் காலத்தையும் கூட்டிப் பார்த்தபோது, முதல்வர்க்கும் இரண்டாமவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு, ஒரு நொடியை ஆயிரங் கூறிட்டவற்றுள் இரண்டே கூறு. அவ்வெற்றியைக் கடிகாரம் கண்டது. கரையில் நின்றோர் கண்டிலர்.

இனி, பொருளும் நாளும் வீணாகும் அச்சம் ஒன்று உண்டு. ஒலிம்பிக்கிற்குச் செல்வோர் இன்ன நாள் இன்ன பந்தயம் என்று பலமாதம் முன்னரே சீட்டு வாங்கிவிடுவர். காற்றும் மழையும் அந்நாட்குறிப்பை மதிப்பதில்லை. 2018-இல் தென்கொரியாவின் பியாங்சாங்கில், பெப்ரவரி 11-ஆம் நாள் நடைபெறவிருந்த ஆடவர் மலைச்சரிவுப் பந்தயம் பெருங்காற்றால் 15-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. இடையில் ஊர் திரும்ப விமானச் சீட்டு எடுத்திருந்தவன் என் செய்வான்? 2010-இல் கனடாவின் வான்கூவரில் இதனினும் விந்தை நிகழ்ந்தது. சைப்ரஸ் மலையில் மழை பெய்து, பார்வையாளர் நிற்குமிடத்துப் பனி கரைந்து அபாயமாகவே, நின்று காண்பதற்கு விற்கப்பட்ட 20,000-க்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாதனவாக்கப்பட்டன. பந்தயம் நடந்தது, காண வந்தோர்க்குத்தான் இடமில்லை. சீட்டின் பணம் திரும்பக் கிடைத்தது. வழிச்செலவைத் திரும்பக் கொடுப்பார் யார்?

ஹோல்மென்கோலன் விழாவோ 1892 முதல் நடந்து வருவது. 1952-இல் ஆஸ்லோவில் ஒலிம்பிக் நடந்தபோது, அக்குன்றிற் பனிச்சறுக்குத் தாவலைக் காண நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். நகரினின்று குன்றிற்கு மின்சார ரயில் செல்கின்றது, வண்டியமர்த்தும் செலவில்லை. அங்கு நடைபெறும் 50 கிலோமீட்டர் ஓட்டத்தையே யாம் சிறப்பாகக் கருதிப் பேசுகின்றோம். காட்டினூடே சுற்றி வளைந்து அமைந்த தடத்தில் வீரர் பலமுறை சுற்றி வருதலின், ஓரிடத்தில் நிற்பவன் அதே வீரனை மீண்டும் மீண்டும் காண்பான். முதற்சுற்றில் நகைத்துக்கொண்டு சென்றவன், பின்னைச் சுற்றொன்றில் மூச்சுத் திணறி, வியர்வை மீசையில் உறைந்து நிற்க, ஏற்றத்தில் தள்ளாடி வருவதையும், பின்தங்கியிருந்தவன் அவனைக் கடந்து போவதையும் பத்தடித் தொலைவில் நின்று காணலாம். ஓட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆகும். அதுகாறும் ஊரார் மரங்களினிடையே தீ மூட்டிக் குளிர்காய்ந்து, உணவு சுட்டுத் தின்று, வருவோர் அனைவரையும், கடைசியில் வருபவனையுங்கூட, கூவி ஊக்குவர். காட்டினுள் நிற்பார்க்குக் கட்டணம் இல்லை. 2023 முதல் மகளிரும் அங்கு 50 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினர் என்பதை நம் மாணவியர் அறிந்து மகிழ்வாராக.

ஒலிம்பிக்கிற் கிடைக்கும் பெருமிதம் ஈண்டுக் கிடைக்குமோ என்று ஒருவர் வினவலாம். 1994-இல் அதே நார்வேயின் லில்லஹாமரில் 4 பேர் கொண்ட தொடரோட்டத்தில், நார்வே வீரரை இத்தாலியர் 0.4 நொடியில் வென்றனர். தடமருங்கே திரண்டிருந்த பெருங்கூட்டம் ஒருகணம் வாயடைத்து நின்றது. அத்தகைய கணம் ஒலிம்பிக்கிற்கே உரியது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தை ஆக்கியவர் தாமே பனியிற் சறுக்கிப் பழகிய அந்நாட்டு மக்கள். அவர்களை ஆண்டுதோறும் ஹோல்மென்கோலனிற் காணலாம். நம் நாட்டவர் ஒருவரை ஊக்கவே செல்வேன் என்பவனோடு எமக்கு வழக்கில்லை. ஆறுமுறை குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் ஓட்டிய சிவ கேசவனைப் போன்றாரைக் காண, ஒலிம்பிக்கிற்கே செல்க.

ஆயத்தங்களைப்பற்றிச் சில சொல்வாம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராததாயினும் ஷெங்கன் உடன்பாட்டில் அடங்கியதாகலின், ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பயணத்திற்கு ஆறு மாதத்திற்கு உட்பட்டே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் மாதத்தில் அதன் கட்டணம் 90 யூரோ ஆக்கப்பட்டது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் காட்டல் வேண்டும். ஆஸ்லோவில் உணவுவிடுதிகளின் விலை நம்மவரைத் திடுக்கிடச் செய்யும். கடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு காட்டிற்குச் செல்வதே சிக்கனம். உள்ளுடை பருத்தியாயின் வியர்வையில் நனைந்து உடலைக் குளிரச் செய்யும்; கம்பளியே நன்று. காலணி இரண்டு காலுறை கொள்ளுமளவு பெரிதாயிருக்கட்டும். நின்று காண்பவனுக்குக் குளிர் காலினின்றே ஏறும். ஆகலின் நிற்பதற்கும் உட்காருவதற்கும் தடித்த விரிப்பொன்று கொண்டு செல்க.

அக்குன்றிற்கும் ஒரு குறை உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் தாவும் வீரர் கண்ணுக்குப் புலப்படார். கூட்டத்தின் ஆரவாரமே கேட்கும். ஆதலால் விழா நாட்களுக்குப் பின் ஒருநாளையேனும் ஒழிவாக வைத்துக்கொள்க. தாவுமேடையின் அடியில், 1923-இல் தோற்றுவிக்கப்பெற்ற பனிச்சறுக்குக் காட்சிச்சாலை இருக்கின்றது. நான்சென், அமுந்சென் ஆகியோரின் துருவப் பயணப் பொருள்களை அங்கே காணலாம். முன்னர்க் காட்டில் நின்ற கால்களுக்கு வெம்மையும் கிடைக்கும்.