இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கணக்கு

மலை ஏறுகிறவருக்குக் கஷ்டம் முதலில் வரும். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம்தான். பள்ளத்தாக்கில் கணக்கு தலைகீழ். காலை நேரம், குளிர்ந்த காற்று, புதுத் தெம்பு எல்லாம் இறங்கும்போது கூட இருக்கும். வெயில், களைப்பு, காலியான தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏறும்போது சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டாலே, அமெரிக்காவின் தென்மேற்கில் நடக்கும் குடும்பச் சுற்றுலாக்களில் பாதிச் சண்டை குறையும். ஆபத்தும் குறையும்.

மார்ச் வந்தால் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரு வாரம் ஸ்ப்ரிங் ப்ரேக். பல பள்ளிகளுக்கும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ விடுமுறை வரும். அந்த ஒரு வாரத்துக்குள் சொந்தபந்தம் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி, நியூ ஜெர்சி அத்தை குடும்பம், டெக்சாஸ் சித்தப்பா குடும்பம் என்று எல்லாரும் லாஸ் வேகஸில் வந்து இறங்குவார்கள். ஒரு பெரிய வேன் வாடகைக்கு எடுக்கப்படும். ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய் பாட்டில் சகிதம் பயணம் தொடங்கும். கூடவே ஒரு எக்செல் ஷீட்டும் வரும். பிரச்சினை ஆரம்பிக்கும் இடம் அந்த ஷீட்தான்.

ஷீட்டில் இருக்கும் வழக்கமான சுற்று இது: லாஸ் வேகஸிலிருந்து ஸயான் ஏறக்குறைய 260 கி.மீ., அங்கிருந்து ப்ரைஸ் கேன்யன் 137 கி.மீ., பிறகு ஆண்டிலோப் கேன்யனுக்காகப் பேஜ் என்ற ஊர் 240 கி.மீ., அடுத்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 220 கி.மீ., கடைசியில் லாஸ் வேகஸ் திரும்ப 450 கி.மீ. மொத்தம் ஏறக்குறைய 1,300 கி.மீ. இதை நான்கே நாளில் முடிக்கிறவர்கள் உண்டு. முடிக்கலாம்தான், யாரும் வேனை விட்டு இறங்காவிட்டால்!

இதில் கடிகாரக் குழப்பம் வேறு. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். யூட்டா மாநிலம் தள்ளிவைக்கும், அரிசோனா வைக்காது. ஆனால் அரிசோனாவுக்கு உள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளிவைக்கும். பேஜ் ஊர் அதன் ஓரத்தில் இருப்பதால், கையிலிருக்கும் செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஒரு மணி நேரம் இப்படித் தொலைந்துபோனால் அன்றைய திட்டம் முழுவதும் நெருக்கடி. அந்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது ஓய்வு நேரம். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் ஷீட் போட்டவர்கள் அல்ல.

திட்டம் போடுவது பெரும்பாலும் குடும்பத்தில் வேகமாக நடக்கிற, யூட்யூப் நிறையப் பார்க்கிற இளைஞர். அவர் கால்களுக்குத் தக்க திட்டம் அது. அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவின் முழங்கால் ஷீட்டின் எந்தக் கட்டத்திலும் இருக்காது. பெரியம்மாவும் வாய் திறக்க மாட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, மெதுவா வரேன், நீங்க முன்னாடி போங்க" என்பார். "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காங்க, நம்மால எதுக்குக் கெடணும்" என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். நம் குடும்பங்களில் இதற்கு நல்ல மனசு என்று பெயர். பள்ளத்தாக்கில் அந்த நல்ல மனசு ஆபத்தானது.

ஏன் என்பதற்குச் சில விவரங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஊட்டி மாதிரி. ப்ரைஸின் விளிம்பு அதைவிடவும் மேலே, தொட்டபெட்டா உயரத்துக்குப் போகிறது. சும்மா நடந்தாலே சிலருக்கு மூச்சு வாங்கும் உயரம் இது. தெற்கு விளிம்பிலிருந்து சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை 2.4 கி.மீ. தான் தூரம். மெரினாவில் வாக்கிங் போகிற தூரம் என்று தோன்றும். ஆனால் இறக்கம் 340 மீட்டர், அதாவது ஏறக்குறைய நூறு மாடி. பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மார்ச்சில் பாதைகளின் மேல்பகுதியில் நிழலான இடங்களில் பனி உறைந்து கண்ணாடி போல வழுக்கும். அடியில் ஆற்றங்கரையிலோ விளிம்பைவிடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு அதிகம். ஒரே நாளில் குளிரும் வெயிலும் இரண்டும் உண்டு.

இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்பும் முயற்சியே வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. அப்படியும் ஆண்டுக்கு 250க்கும் மேற்பட்டவர்களை உள்ளேயிருந்து மீட்க வேண்டியிருக்கிறது. இதில் வயதானவர்கள் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாஸ்டன் மாரத்தான் ஓடிய 24 வயதுப் பெண் ஒருவர் 2004 ஜூலையில் இங்கே தண்ணீர் தீர்ந்து, உடல் வறண்டு இறந்துபோனார்.

அதனால் குடும்பத்தோடு போகும்போது விதி ஒன்றுதான் இருக்க வேண்டும்: மெதுவாக நடப்பவரின் வேகமே மொத்தக் கூட்டத்தின் வேகம். அவரை எதுவும் கேட்காமலேயே இந்த விதி நடைமுறைக்கு வர வேண்டும். "உங்களால முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் பதில் வரும். எனவே இத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அந்த மணி வந்ததும், எங்கே நின்றாலும், எவ்வளவு அழகான வளைவு இன்னும் பத்து நிமிடத்தில் இருந்தாலும், திரும்ப வேண்டும்.

"அப்படியென்றால் இளைஞர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் இரண்டாகப் பிரிந்து போகலாம், தப்பில்லை. ஆனால் பெரியவர்களோடு நடக்கத் தெரிந்த ஒருவர் தங்க வேண்டும், அந்த ஆள் தினமும் மாற வேண்டும். எல்லா வீட்டிலும் இந்த வேலை மருமகள் தலையிலேயே விழுகிறது. அவருக்கும் சீடர் ரிட்ஜ் பார்க்க ஆசை இருக்கும்.

மெதுவாக நடப்பவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதும் உண்மை இல்லை. ஸயானில் ரிவர்சைடு வாக் என்ற பாதை ஆற்றை ஒட்டி 1.6 கி.மீ. தூரம் சிமெண்டுப் பாதையாகப் போகிறது. இரண்டு பக்கமும் வானளாவிய பாறைச் சுவர்கள். அந்தப் பாதை முடியும் இடத்தில்தான் தண்ணீருக்குள் இறங்கி நடக்கும் புகழ்பெற்ற நாரோஸ் தொடங்குகிறது. பனி உருகும் வசந்த காலத்தில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடினால் நாரோஸை மூடிவிடுவார்கள். அப்போது மாரத்தான் வீரரும் பெரியம்மாவும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும்!

கிராண்ட் கேன்யனில் 2010-இல் திறந்த காலப் பாதை இன்னும் விசேஷம். விளிம்பின் ஓரமாக, சமதளத்தில், ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் அமைத்திருக்கிறார்கள். வழியெங்கும் அந்தந்தக் காலத்துப் பாறைகளைத் தொட்டுப் பார்க்கலாம். மேலே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி ஆண்டு வயது. அடியில் இருக்கும் கரும்பாறைக்கு 170 கோடிக்கும் மேல். அந்த அடிப்பாறையின் பெயர் விஷ்ணு. 19-ஆம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் அங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் வைத்ததன் தொடர்ச்சி அது. பாட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

திட்டத்தைக் கைவிடத் தெரிவதும் முக்கியம். 1997 ஆகஸ்டில் ஆண்டிலோப் கேன்யனின் குறுகலான பிளவுக்குள் திடீர் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது சில மைல் தள்ளி. வழிகாட்டி இல்லாமல் இன்று அங்கே யாரும் போக முடியாது, வானிலை சரியில்லை என்றால் அவர்கள் கூட்டிப்போவதும் இல்லை. அப்படி ரத்தாகும்போது "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று வழிகாட்டியிடம் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. இவ்வளவு தூரம் வந்தது பத்திரமாகத் திரும்பிப் போகவும் சேர்த்துத்தான்.

ஐந்து இடத்தை நான்கு நாளில் முடித்த குடும்பத்தின் ஆல்பத்தில் ஐந்து பெயர்ப்பலகைகளும் இருக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று ஊருக்குத் திரும்பிய தாத்தாவிடம் கேட்டால், வேனின் ஜன்னல் சீட்டைப் பற்றித்தான் சொல்வார். ஒரு வாரத்துக்கு இரண்டு கேன்யன் போதும். மிச்சம் இருப்பவை நெடுங்காலமாக அங்கேயேதான் இருக்கின்றன, அடுத்த வசந்தத்துக்கும் இருக்கும். பெரியம்மாவின் முழங்கால் அப்படிக் காத்திருக்காது. அடுத்த முறை ஷீட் திறக்கும்போது முதல் வரியில் அதை எழுதிவிட்டு, பிறகு ஊர்ப் பெயர்களை எழுதுங்கள்.