பணம் வருகிறது, ஆள் வேண்டும்

அமீரகத்தில், ஜெபல் அலியின் கிடங்குகளிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் மாதாமாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு டிமென்ஷியா என்று தெரிந்த பிறகு அதில் ஒரு பகுதி மாத்திரைக்கும் டயப்பருக்கும் போகிறது. நடுராத்திரியில் எழுந்து, சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்று அழும் அம்மாவைத் தேற்றிப் படுக்கவைப்பது மனைவியோ தங்கையோதான். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தாய்வீட்டு விசேஷம் கிடையாது. தனக்கே காய்ச்சல் என்றாலும் படுக்க முடியாது.

அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தாயோ தந்தையோ இறந்தால் சம்பளத்துடன் 3 நாள் விடுப்பு உண்டு. அவர்கள் இருக்கும்போது பார்த்துக்கொள்வதற்கென்று தனி விடுப்பு இல்லை. ஆண்டு விடுப்பான 30 நாளில்தான் எடுக்க வேண்டும். விடுப்பில் ஊருக்கு வரும் அண்ணன்மார் அதில் பத்து நாளாவது அம்மாவின் பொறுப்பை முழுதாக ஏற்க வேண்டும். எந்த மாத்திரை எப்போது, எதைச் சொன்னால் சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, இத்தனை நாள் பார்த்தவரை அவர் விரும்பும் இடத்துக்கு அனுப்பிவையுங்கள். “மாமியாரை விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டா” என்று யாராவது பேசினால், பதில் சொல்ல வேண்டியவர் மகன்தான்.

மீதி பதினொரு மாதத்துக்கு அரசு வேண்டும். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக அளவில் இந்நோய் உள்ளவர்களுக்கான குடும்பத்தாரின் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜெர்மனியில், வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்கும்போது மாற்று ஆளுக்கான செலவைப் பராமரிப்புக் காப்பீடு ஏற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளம் டிமென்ஷியாவுக்கென்றே பகல்நேர மையம் நடத்திக் காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் எந்த முதியவருக்கு என்ன நிலைமை என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் ஒரு பகல் வந்து அமர்ந்தால், பார்த்துக்கொள்ளும் பெண் தூங்கலாம், தன் மருத்துவரைப் போய்ப் பார்க்கலாம். வளைகுடாவுக்கு அதிகம் பேரை அனுப்பும் ராமநாதபுரம், தஞ்சாவூர் போன்ற மாவட்டங்களில் இதைத் தொடங்கலாம். அயலகத் தமிழர் நல வாரியமும் கைகோக்கலாம். வரும் பட்ஜெட்டிலேயே இதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சரைக் கேட்டுக்கொள்கிறோம்.