கருவுக்கு ஏது ஊரடங்கு?

"ஊரே சாவோடு மல்லுக்கு நிற்கும்போது கருத்தடையும் கருக்கலைப்பும் அவசரமா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." 2020 கொரோனா ஊரடங்கில் பரவலாக ஒலித்த இந்தப் பேச்சு, நியாயமான பேச்சாகவே இன்றும் பலரால் நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை தவறு. பெண்களின் உயிரோடு விளையாடும் தவறு. கண்புரை அறுவையைச் சில மாதம் தள்ளிப்போடலாம். வளரும் கருவைத் தள்ளிப்போட முடியாது. மாத்திரையால் கலைக்க ஏற்ற காலம் முதல் ஒன்பது வாரங்கள்; அன்றைய சட்டம் வைத்த பொது வரம்பு 20 வாரம். அரசு நிலையங்களில் போடும் 'அந்தரா' கருத்தடை ஊசியை மூன்று மாதத்துக்கொருமுறை போட்டாக வேண்டும். சட்டமும் மருத்துவமும் வாரத்தை எண்ணுகிற இடத்தில் "அப்புறம்" என்பது மறுப்பதற்கு இன்னொரு பெயர்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழும் நமக்கு இது எளிதில் உறைக்காது. சரத் போஸ் சாலையில், 1932-இல் சிசுமங்கலமாகத் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் சேவா பிரதிஷ்டான் இருக்கிறது. ஹாஜ்ராவில், தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் கொடுத்த சொந்த வீட்டில் உருவான சித்தரஞ்சன் சேவா சதன் இருக்கிறது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருப்பதால், வேண்டியவர்கள் போய்க்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தென் கொல்கத்தா வீடுகளில் சமைத்து, பாத்திரம் தேய்க்கும் பெண்களில் பலர் தெற்கு 24 பர்கானாவிலிருந்து சியால்தா தெற்குத் தடத்தில் ரயிலேறி வருபவர்கள். மார்ச்சில் நின்ற புறநகர் ரயில் நவம்பர் 11 அன்றுதான் மறுபடி ஓடியது. இடையில் மே 20 அன்று ஆம்பன் புயலும் அந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மார்ச்சில் நாள் தள்ளிப்போன ஒருத்திக்கு, ரயில் திரும்பி வந்தபோது நிறைமாதம்.

நோயாளிகளால் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தபோது வேறு வழி இருந்ததா என்று கேட்பார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைக்குப் படுக்கையும் வேண்டாம், வென்டிலேட்டரும் வேண்டாம். காலம் கடந்து, அரைகுறைக் கலைப்பில் ரத்தம் கொட்ட வருபவளுக்குத்தான் படுக்கையும் ரத்தமும் அறுவை அரங்கும் வேண்டும். தள்ளிப்போட்டால் சுமை கூடும். ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களில் சுமார் 18.5 லட்சம் கருக்கலைப்புகள் தடைபட்டன என்று ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் மதிப்பிட்டது. மருந்துக்கடைகளில் மாத்திரை கிடைக்காததே இதற்குப் பெரும் காரணம். எபோலா தாக்கிய சியரா லியோனில் பேறுகாலச் சேவை தளர்ந்ததால் 2014-15-இல் தாய் இறப்பு, பச்சிளங்குழந்தை இறப்பு, இறந்து பிறத்தல் எல்லாம் சேர்ந்து குறைந்தது 3,600 கூடின என்கிறது ஓர் ஆய்வு. நோயே கொன்ற தொகைக்கு ஏறத்தாழ ஈடான கணக்கு இது.

மத்திய அரசுதான் கருத்தடையையும் கருக்கலைப்பையும் அத்தியாவசியச் சேவையாக அறிவித்ததே என்பது அடுத்த வாதம். அறிவித்தது உண்மை; ஆனால் வழிகாட்டுதல் வந்தது ஏப்ரல் 14 அன்று, ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் கழித்து. காகிதத்தில் திறந்த கதவுக்குப் போய்ச்சேர ரயில் இல்லை. மாத்திரையை வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்தென்பவர்களுக்கு இங்கிலாந்து பதில் சொல்கிறது. 2020 மார்ச் 30 அன்று தொலைபேசி ஆலோசனைக்குப் பின் தபாலில் மாத்திரை அனுப்ப அங்கே அனுமதித்தார்கள். 52,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது பாதுகாப்பு குறையவில்லை. காத்திருப்பு சராசரியாக நான்கு நாள் குறைந்தது. இந்தியாவிலும் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்றே வெளிவந்தன. ஆனால் கருக்கலைப்பு மாத்திரைக்கு அந்த வழி திறக்கவில்லை.

அடுத்த கொள்ளைநோய்க்கு ஆக்சிஜனைச் சேமிப்பதோடு கருத்தடை ஊசியையும் மாத்திரையையும் ஆஷா பணியாளரின் பையில் சேர்த்துவைக்க வேண்டும். அத்தியாவசியப் பணியாளருக்கு ரயில் ஓட்டினால், அதில் கர்ப்பிணிக்கும் கருக்கலைப்புக்குப் போகிறவளுக்கும் காரணம் கேட்காமல் இடம் தர வேண்டும். ஊரை அடைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒருத்தியின் ஒன்பது வாரத்தைத் தீர்த்துவிட்டு "அப்புறம் வா" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.