அப்பாவும் ஆபாவும்

சின்ன வயதில் எங்கள் ஈப்போ வீட்டு அலமாரியில் ஒரு கேசட் இருந்தது. அதன் முதுகில் ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: ஏ, பி, பி, ஏ. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய புதிதில் நான் அதை 'அப்பா' என்றுதான் வாசித்தேன். அந்தக் கேசட்டை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் சொந்தப் பொருள் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார் என நினைத்துக்கொண்டேன். அது சுவீடன் நாட்டு இசைக்குழுவின் பெயர், நான்கு பேரின் முதலெழுத்து என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு தெரிந்தது.

அப்பாவும் இசைக்காரர்தான். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுவார். சனி, ஞாயிறு வந்தால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. 80களிலும் 90களிலும் பேராக் பக்கம் கல்யாணம், கோயில் திருவிழா, தோட்டத்து விழா என்று அவர்கள் வாசிக்காத இடம் குறைவு. கிளப் விருந்துகளில் நடுவே ஆங்கிலப் பாட்டு கேட்பார்கள். அந்த ஆபா கேசட் அதற்காகத்தான் வந்தது, 1982ல் வெளியான தொகுப்பு.

குழுவின் பாடகரை நாங்கள் பிள்ளைகள் 'பாட்டு மாமா' என்போம். அப்பாவுக்குப் பள்ளிக்கால நண்பர். நல்ல குரல். ஆனால் எஸ்.பி.பி.யின் உச்சம் அவருக்கு எட்டாது. அதனால் மேடை ஏறியதும் அப்பா செய்யும் முதல் வேலை, கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு முறை தட்டி சுருதியை இறக்கி வைப்பது. கூட்டத்துக்குத் தெரியாது. தெரிந்தால் மாமாவுக்குப் பிடிக்காது.

நான்கு வருடத்துக்கு முன் பாட்டு மாமா இறந்துபோனார். அதிலிருந்து கீபோர்டு உறையோடு அலமாரியின் உச்சியில் கிடக்கிறது. ஏன்ப்பா வாசிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பாட ஆள் இல்லாம கீபோர்டு என்னத்துக்கும்மா?" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

போன மாதம் கண் பரிசோதனைக்காகக் கோலாலம்பூர் வந்திருந்தார். திரும்ப ஈப்போவுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். இரண்டரை மணி நேரப் பயணம். வேலை நாள் முழுக்கப் பாட்டும் பேச்சுமாக இருப்பதால் காரில் நான் பெரும்பாலும் எதுவும் போடுவதில்லை. அன்று ஏதோ தோன்றி, பென்னி ஆண்டர்சனின் 'பியானோ' ஆல்பத்தை ஓடவிட்டேன். யார், என்ன என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

பென்னி ஆண்டர்சன் ஆபாவின் இரண்டாவது 'பி'. 1974ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடலுக்குப் பரிசு வாங்கிய அந்த இரவில், பியானோ முன்னால் தாடியோடு உட்கார்ந்திருந்தாரே, அவர். 2017ல், எழுபது வயதில், டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக இந்த ஆல்பத்தைச் செய்தார். மஞ்சள் முத்திரை போட்டு மேற்கத்திய செவ்வியல் மேதைகளை வெளியிடும் நிறுவனம் அது. ஸ்டாக்ஹோமில் அவருடைய சொந்த ஸ்டூடியோ, அவருடைய ஃபாட்சியோலி பியானோ, அவர். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, பாட்டும் இல்லை. இருபத்தொரு உருப்படிகள்.

பட்டியலைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஏமாற்றம்தான். 'டான்சிங் குவீன்' இல்லை. 'மாமா மியா' இல்லை. 'வாட்டர்லூ'வே இல்லை! ஆபா பாடல்கள் சிலதான். மீதி, டிம் ரைஸுடன் சேர்ந்து செய்த 'செஸ்' இசை நாடகத்திலிருந்தும், சுவீடிஷ் மொழியில் 1995ல் மேடையேறிய 'கிறிஸ்டினா' நாடகத்திலிருந்தும், பிறகு தன் சொந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதியவற்றிலிருந்தும். வானொலிக்காரியாக என் மனம் உடனே கணக்குப் போட்டது: காலை நிகழ்ச்சியில் இதில் எதைப் போட முடியும்? ஒன்றுகூட இல்லை. எங்கள் தொழிலில் நான்கு விநாடி அமைதி வந்தாலே வயிறு கலக்கும், ஏதோ அறுந்துவிட்டது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இந்த மனிதரோ ஒரு வரியை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கவா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார்.

ஆபாவின் பழைய ஒலியோடு வைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு துணிச்சல் என்று புரியும். அவர்களுடைய ஒலிப்பதிவுப் பொறியாளர் மைக்கேல் டிரெட்டோ, அமெரிக்காவின் ஃபில் ஸ்பெக்டர் எழுப்பிய பிரம்மாண்டமான ஒலியில் மயங்கியவர். ஸ்பெக்டர் ஓர் அறை நிறைய வாத்தியக்காரர்களை உட்கார வைத்தார். இவர்களிடம் அவ்வளவு ஆள் இல்லை. அதனால் வாசித்ததையே இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி, நாடாவின் வேகத்தை மயிரிழை மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார் டிரெட்டோ. இரண்டு பெண்களின் குரல் ஒரு கூட்டமே பாடுவதுபோல் கேட்பது அப்படித்தான். அந்த அடுக்குகள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சியதை மட்டும் கையில் எடுத்து வருகிறார் பென்னி.

உரித்தது என்றுகூடச் சொல்லக்கூடாது. அந்தப் பாட்டுகளில் பல பிறந்ததே அப்படித்தான். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே கடலுக்குள் சிதறிக் கிடக்கும் தீவுகளில் விக்ஸோ என்று ஒன்று. அங்கே சின்ன மரக்குடிலில் ஒரு நிலைப் பியானோவும் ஒரு கிட்டாரும் வைத்துக்கொண்டு, பென்னியும் பியோர்ன் உல்வேயஸும் மெட்டுப் போடுவார்கள். பென்னிக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆறு வயதில் கையில் கிடைத்த அக்கார்டியன், கற்றுக்கொடுத்த அப்பாவும் தாத்தாவும், அப்புறம் காது. நம்மூர் மெல்லிசைக் குழுக்காரர்களைப் போலத்தான்.

சரி, காருக்கு வருகிறேன்.

தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை அப்பா எதுவும் சொல்லவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். 'தேங்க் யூ ஃபார் தி மியூசிக்' வந்தபோது கண்ணைத் திறக்காமலே, "நம்ம கேசட்டு" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. தாளம் இல்லை, கார்டு பிடிக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

"யாரும்மா வாசிக்கிறது?"

"பென்னிதான்ப்பா. அவரேதான்."

"அவனா?" அப்பாவின் தலைமுறைக்குப் பிடித்த கலைஞர்கள் எல்லாருமே அவன், இவன்தான். இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்புறம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு கோபத்தோடு சொன்னார்: "பாட்டு வரியையும் அவனே வாசிக்கிறானே!"

அதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா விளக்கினார். மேடையில் கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு மரியாதை இருக்கிறதாம். முன்னிசை உன்னுடையது, இடையிசை உன்னுடையது. பல்லவி வந்துவிட்டால் வலது கையை எடுத்துவிட வேண்டும். கீழே கார்டு மட்டும் பிடி. பாடகர் பாடுகிற இடத்தில் கை வைக்காதே. வைத்தால் அவர் சுருதி தடுமாறும், இல்லாவிட்டால் நீ அவரை நம்பவில்லை என்று ஆகும். முப்பது வருடம் அப்படியே வாசித்தவர். "அந்த இடம் நமக்கு இல்ல."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபாவில் அந்த இடம் யாருடையது? அக்னேத்தாவும் ஃப்ரீடாவும். அக்னேத்தா பியோர்னின் மனைவி. ஃப்ரீடா பென்னியின் மனைவி. 80, 81ல் இரண்டு திருமணங்களும் அடுத்தடுத்து முறிந்தன. முறிந்த பிறகும் நால்வரும் ஒரே ஸ்டூடியோவில் நின்று பதிவு செய்தார்கள். கணவன்மார் எழுதிக் கொடுத்ததை முன்னாள் மனைவிமார் பாடினார்கள். 1982ன் முடிவோடு அதுவும் நின்றது. முப்பத்தைந்து வருடம் கழித்து அதே பாட்டுகளைத் தனியாக வாசிக்க உட்காரும் மனிதருக்கு, வலது கையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்திருக்காதா?

அந்தக் கேள்வி எனக்குக் கூர்மையாகக் கேட்டது 'தி டே பிஃபோர் யூ கேம்' வந்தபோது. தாப்பா ஓய்வுத்தளத்தில் தே தாரிக் குடித்துவிட்டு மறுபடி கிளம்பியிருந்தோம். 1982ல் ஆபா பதிவு செய்த கடைசிப் பாட்டுகளில் ஒன்று இது. ஒரு பெண்ணின் ஒரு சாதாரண நாள், அவ்வளவுதான் கதை. ரயில் பிடிக்கிறாள், அலுவலகம் போகிறாள், சாப்பிடுகிறாள், வீடு திரும்புகிறாள், தூங்குகிறாள். மறுநாள் யாரோ ஒருவர் அவள் வாழ்க்கையில் வரப்போகிறார். அந்த ஒருவர் வந்ததால் வாழ்வு மலர்ந்ததா கருகியதா என்று பாட்டு சொல்லாது. ஏறக்குறைய ஆறு நிமிடம், வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டே போகும். அக்னேத்தாவும் பாடுவதுபோல் பாடமாட்டார், நாட்குறிப்பை வாசிப்பதுபோல் பாடுவார். பாட்டின் உயிரே அந்தச் சொற்களில்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

பியானோவில் சொற்கள் இல்லை. அதே சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இடது கையில் கீழே இருக்கும் சுரங்கள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய பதிவில் சிந்தசைசரின் இரைச்சலில் நான் கவனிக்காதது அது: மேலே அந்தப் பெண்ணின் நாள் மாறவே இல்லை, கீழே தரை நழுவிக்கொண்டிருக்கிறது. பென்னி அக்னேத்தாவின் வரியைத் தன் வலது கையில் வாசிக்கிறார்தான். ஆனால் அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் எங்கே மூச்சு எடுத்திருப்பாரோ அங்கெல்லாம் விட்டு விட்டு வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இது என் காது சொல்வது. நீங்கள் கேட்டால் வேறு மாதிரி தோன்றலாம்.

அப்பா முழுப் பாட்டையும் பேசாமல் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். குவா தெம்புரோங் மலைகள் வலது பக்கம் வந்து போயின.

ஆல்பத்தில் எல்லாமே இந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில உருப்படிகள் ஹோட்டல் வரவேற்பறை இசைபோல் வழுக்கிக்கொண்டு போகின்றன. வேகம் எல்லாமே ஒரே மாதிரி. இரவு ஓட்டத்துக்கு ஆபத்தானது. 'ஹேப்பி நியூ இயர்' மட்டும் தனி. ஒரு டிசம்பர் 31ல், உற்சாகமாக இருக்குமே என்று மூலப் பாட்டைப் போட்டுவிட்டு, "என்னம்மா, புது வருசமும் அதுவுமா அழ வைக்கிறீங்க" என்று ஒரு நேயரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னது சரி. விருந்து முடிந்த காலையின் சோர்வைப் பற்றிய பாட்டு அது. பியானோவில் கேட்டால் அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இதே பென்னிதான் 2022ல் லண்டனில் 'ஆபா வாயேஜ்' என்ற நிகழ்ச்சிக்குத் துணை நின்றார். கணினி உருவாக்கிய இளவயது ஆபா மேடையில் ஆடிப் பாடுகிறது, பழைய குரல்கள் அப்படியே. மக்கள் குவிகிறார்கள். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் ஒரே ஆளிடம் இரண்டு யோசனையும் இருந்திருக்கிறது என்பது வேடிக்கை: ஒன்றில் பாடகிகளுக்கு வயதே ஆகவில்லை, மற்றதில் அவர்கள் இல்லவே இல்லை.

ஈப்போவில் அன்றிரவு தங்கினேன். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பா நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். கத்தி இறக்கிவிட்டேன். கண் மருத்துவர் குனியாதே, தூக்காதே என்று சொல்லியிருந்தார். கீபோர்டை நான் இறக்கினேன். உறையின் மேல் ஒரு விரற்கடை தூசி. அடாப்டரைக் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டு, "12 வோல்ட், நடுவுல பிளஸ்" என்று தாளில் எழுதிக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பினார்.

வாங்கி வந்து சொருகியதும் சின்ன விளக்கு எரிந்தது. கோப்பி கலக்க நான் சமையலறைக்குப் போனேன். பாட்டு மாமா எல்லா மேடையிலும் கடைசியாகப் பாடும் பாட்டு, எனக்குத் தெரிந்தது. முன்னிசை வந்தது. விரல்கள் கொஞ்சம் தடுக்கின, ஆனால் வந்தது. பல்லவி வரும் இடத்தில் கார்டு மட்டும். வலது கை இல்லை. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு எண்ணிக்கை காலியாகப் போனது. பிறகு சரியான இடத்தில் இடையிசை.

இரண்டாவது தடவை பல்லவியில் ஒற்றை விரலால் மெட்டு வந்தது. பாதி வரியில் நின்றது.

"என்னப்பா?" என்று எட்டிப் பார்த்தேன்.

"சுருதி," என்றார். "பழக்க தோசத்துல அவனுக்கு இறக்கி வச்சிருக்கேன்."

பொத்தானை இரண்டு முறை தட்டிச் சுருதியை ஏற்றினார். மறுபடியும் முன்னிசையிலிருந்து ஆரம்பித்தார்.