தன்னை மீட்டவரும் சொல்லை மீட்டவரும்

“முதலில் மொழி மீளட்டும், பெண்ணின் மீட்சியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்!” தமிழ் மேடைகளில் ஏறி நிற்போருள் சிலர் வாய்விட்டும், பலர் வாய்விடாமலும் சொல்லிவரும் சொல் இது. கேட்பதற்கு முறையான வரிசைபோலத் தோன்றும். ஆயினும் இதனினும் பெரிய ஏமாற்று வேறொன்று இல்லை. தாயின் நாவில் பிறப்பதாலன்றோ அது தாய்மொழி! அத்தாயின் நாவைக் கட்டிப்போட்டுவிட்டு அவள் மொழிக்கு விடுதலை கேட்பது, ஊற்றை அடைத்துவிட்டு ஆற்றில் நீர் தேடுவதாகும்.

இவ்வாறு பேசுவோர் மற்றொன்றும் சொல்வர். எழுத்தாற்றல் பிறவிப் பேறாம். கலைமகள் நாவில் எழுதிவிடும் எழுத்தாம். அது வாய்த்த பெண் எழுதுவாளாம், வாய்க்காதவள் அடுப்படியில் இருப்பாளாம். இதுவும் பொய்யே. எழுத்து வானத்தினின்று இறங்குவதில்லை. இளமையிற் பட்டதும் கேட்டதும் உள்ளத்தில் வித்தாக விழுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து, உரிய மழை கண்டதும் முளைத்தெழுவதே எழுத்து. பெண்ணினத்துக்காக எழுதுகோல் ஏந்திய தமிழ்ப் பெண்மணிகள் இருவரின் இளமையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை வெள்ளிடைமலையாக விளங்கும். ஒருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். மற்றொருவர் நீலாம்பிகை அம்மையார்.

பத்து உருபாவும் ஒரு பழம்புடவையும்

1883-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர் இராமாமிர்தம். வறுமை குடும்பத்தை உடைத்தது. தந்தை ஊரைவிட்டு அகன்றார். சோறிட வழியற்ற தாய், பத்து உருபாவும் ஒரு பழம்புடவையும் பெற்றுக்கொண்டு, கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் மரபைச் சேர்ந்த ஒருத்தியிடம் தம் மகளை ஒப்படைத்தார் என்பது அவர்தம் வரலாறு சொல்லும் செய்தி. ஒரு தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் மண் வைத்த விலை அது!

மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் அப்பிள்ளை வளர்ந்தது. பாட்டும் ஆட்டமும் கற்பித்தார்கள். கற்பித்தது கலைமேல் கொண்ட காதலாலன்று. வளர்ந்தபின் விலை கூடும் என்பதால். பருவம் எய்தியதும் முதியவர் ஒருவருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடாயிற்று. அந்த இளம்பெண் மறுத்தார். தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையையே மணந்துகொண்டார். பின்னாளில் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முதல் வரி, அன்று அவர் வாயினின்று வந்த ‘மாட்டேன்’ என்னும் அச்சொல்லே!

இக்கொடுமை எங்ஙனம் நூற்றாண்டுகள் கடந்தும் நின்றது? இரண்டு கட்டுகளால் நின்றது. முதற்கட்டு நிலம். கோயிலூழியம் செய்யும் குடும்பத்துக்கென இறையிலி நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போம். ஆகவே தலைமுறைதோறும் ஒரு பெண்ணாவது பொட்டுக்கட்டிக்கொண்டாக வேண்டும். அந்நிலத்தை ஊழியத்தினின்று விடுவித்து அப்பெண்களுக்கே உரிமையாக்க 1929-இல் ஒரு சட்டத்திருத்தம் வேண்டியிருந்தது.

இரண்டாவது கட்டு சொல். ‘தேவரடியார்’ என்றால் இறைவனுக்குத் தொண்டுபட்டவர்; உயர்ந்த சொல். அதை வடமொழியில் ‘தேவதாசி’ ஆக்கியபோது தொண்டர் அடிமையானார். தெய்வத்துக்கு அடிமை என்று பெயர்; நடைமுறையிலோ ஊர்ச் செல்வனுக்கு அடிமை! ‘கடவுளுக்கு மணமகள்’ என்று தொடக்கத்தில் பூச்சூட்டினர். முடிவில் அவர்தம் குலப்பெயரையே தெருவில் வசைச்சொல்லாக்கினர். பொருளை மறைக்கும் சொல் எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் பழி முழுவதையும் வடக்கே தள்ளிவிட்டுத் தமிழர் கைகழுவ முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருத்திக்கும் வீடும் நெற்பங்கும் வகுத்துக் கல்லில் வெட்டிவைத்தவன் இராசராச சோழனே. அவர்கள் அன்று மதிப்போடுதான் இருந்தனர் என்பாருண்டு. இருக்கட்டும். அம்மதிப்பு பின்வந்த பெண்ணைக் காத்ததா? பத்து உருபாவுக்கு விலைபோன பிள்ளையிடம் சோழர் பெருமை பேசிப் பயனென்ன? மகளை விற்றவரும் தமிழர், வாங்கியவரும் தமிழர், பார்த்திருந்த ஊரும் தமிழூரே!

1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலக்குமி அம்மையார் பொட்டுக்கட்டை ஒழிக்கக் கோரியபோது, மரபு அழியும், கலை அழியும் என்று எதிர்ப்புக்குரல் எழுந்தது. பெண் அழிவதைப் பற்றி அக்குரலுக்குக் கவலையில்லை. முத்துலக்குமியாரின் தாயும் அக்குலத்திற் பிறந்தவரே. அவை நடுவே அவர் வாதிட்டதைத் தெருத்தெருவாகச் சென்று எடுத்துரைத்தவர் இராமாமிர்தம். பேராயக் கட்சியில் தொண்டாற்றிய அவர், 1925-இல் பெரியார் அக்கட்சியை விட்டு வெளியேறியபோது தாமும் வெளியேறித் தன்மான இயக்கத்தில் நின்றார்.

1936-இல், ஐம்பதைக் கடந்த அகவையில், தம் புதினத்தை வெளியிட்டார்: ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அஃது அழகுக்காக எழுதிய கதையன்று. உள்ளிருந்து வந்தவர் வெளியிட்ட குற்றப்பட்டியல். இளம்பெண்ணை வலையாக விரிப்பவர் யார், தரகு பேசுபவர் யார், குடும்பச் செல்வத்தைக் கொண்டுவந்து கொட்டிக் கெடும் ஆடவன் யார் என ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டினார். அவ்வாழ்வை உதறிவந்த பெண்களே ஏனையோரை மீட்கப் புறப்படுவதையும் காட்டினார். அருள்கூர்ந்து காப்பாற்றுங்கள் என்று ஆடவரிடம் அந்நூல் இரக்கவில்லை. பெண்ணே பெண்ணுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றது. 1947-இல் சட்டம் பொட்டுக்கட்டைத் தடைசெய்தது. முத்துலக்குமியார் அவையில் குரலெழுப்பி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன!

பல்லாவரத்துத் தோட்டம்

நீலாம்பிகையின் இளமையோ முற்றிலும் வேறு. 1903-இல் பிறந்த அவருக்கு வாய்த்த வீடு நூல்களால் நிறைந்த வீடு. வாய்த்த தந்தை மறைமலையடிகள். 1916-இல் ஒருநாள் பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் தந்தையும் மகளும் உலவுகையில், அடிகள் வள்ளலாரின் பாட்டொன்றை இசையோடு பாடினார். பாடி முடித்து, அதில் வரும் ‘தேகம்’ என்னும் வடசொல் இருக்குமிடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் இருந்திருப்பின் இன்னும் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்று மகளிடம் எடுத்துரைத்தார். மகளுக்கு அப்போது அகவை பதின்மூன்று. இனித் தூய தமிழிலேயே பேசுவது, எழுதுவது என இருவரும் உறுதி பூண்டனர். தனித்தமிழ் இயக்கத்தின் தோற்றுவாய் அதுவே.

இந்நிகழ்ச்சியைச் சொல்லாத தனித்தமிழ் மேடை இல்லை. ஆனால் எப்படிச் சொல்கிறார்கள்? அடிகள் பாடினார், அடிகள் உணர்ந்தார், அடிகள் தொடங்கினார். மகளோ பக்கத்தில் நின்று கேட்டவர், அவ்வளவே! இது வரலாற்றுக்குச் செய்யும் பிழை. அச்சொல் விழுந்த இரண்டாவது நிலம் அச்சிறுமியின் உள்ளம். ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ என்னும் நூலைத் தொகுத்து, எவ்வடசொல்லுக்கு எது தமிழ் என்று எளியவரும் புரட்டிப் பார்க்க வழிசெய்தவர் அவரே. உறுதி பூணுவது ஒருநாட் செயல். அகரவரிசை தொகுப்பது ஆண்டுக்கணக்கான உழைப்பு. பிள்ளை வளர்ப்புக்கும் வீட்டுப் பணிக்கும் இடையே அவ்வுழைப்பு நடந்தது.

சொல்லோடும் அவர் நின்றுவிடவில்லை. ‘முப்பெண்மணிகள் வரலாறு’, ‘மேனாட்டுப் பெண்மணிகள்’ எனப் பெண்களின் வாழ்க்கையைத் தமிழ்ப்பெண்களுக்கு எழுதிக்காட்டினார். தூய தமிழையும் பெண்ணுயர்வையும் அவர் இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு முன்வரிசையும் மற்றொன்றுக்குப் பின்வரிசையும் ஒதுக்கவில்லை. ஒரே எழுதுகோலால் இரண்டையும் எழுதினார். நாற்பதையொட்டிய அகவையிலேயே அவர் மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

இரண்டு ஆறும் கூடிய இடம்

புண்பட்ட இளமை ஒன்று. பண்பட்ட இளமை மற்றொன்று. இரண்டும் 1938-இல் ஒரே களத்திற் கூடின. அவ்வாண்டு ஏப்பிரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி இராசகோபாலாச்சாரியாரின் அரசு ஆணையிட்டது. ஆகத்து முதல் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தமிழர் படை புறப்பட்டது. நாற்பத்திரண்டு நாளில் 577 கல் நடந்து சென்னை சேர்ந்த அப்படையில், ஐம்பத்தைந்து அகவையில் முன்னின்று நடந்தவர் இராமாமிர்தம். நவம்பர் 13-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை. ஈ.வெ.இராமசாமிக்குப் ‘பெரியார்’ என்னும் பெயரை வழங்கியது அம்மாநாடே. மறுநாளே பெண்கள் மறியலுக்குச் சென்றனர். கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தனர். பெண்களைப் போராட்டத்துக்குத் தூண்டினார் என்று பெரியார்மேல் வழக்குத் தொடுத்துச் சிறையிலடைத்தது அரசு. தூண்டித்தான் அப்பெண்கள் வரவேண்டுமா? 1940 பிப்பிரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

“முதலில் மொழி, பின்னர்ப் பெண்” என்போர் விடை சொல்லட்டும்! ‘பின்னர்’ வரவேண்டியவர்கள் அன்று வராதிருந்தால் ‘முதலில்’ வரவேண்டிய வெற்றி வந்திருக்குமா?

எழுத்தை எடைபோடுவோர்க்கு

தனித்தமிழ் அன்பருள் சிலர்க்கு ஒரு தடை தோன்றலாம். மூவலூர் அம்மையாரின் புதினம் தனித்தமிழில் இல்லையே. அதன் பெயரிலேயே பிறசொற்கள் மலிந்துள்ளனவே என்பர். உண்மையே. அந்நடை அவர் வளர்ந்த தெருவின் நடை. ஆயின் அந்நூலை அதனாலேயே ஒதுக்குவது, தீப்பிடித்த வீட்டினின்று அலறுவோளின் ஒலிப்பைத் திருத்த நிற்பது போன்றது. முதலிற் கேட்க வேண்டியது அலறலை. சொற்றூய்மை வேண்டும், ஐயமில்லை. ஆனால் பெண்ணைப் பேசவிட்ட பின்னரே அவள் பேச்சைத் தூய்மைசெய்ய முடியும். வாய் திறவாதவளின் மொழியில் பிழையும் இராது; உயிரும் இராது.

அரசுகளின் போக்கும் எண்ணத்தக்கது. 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். பிற்காலத்தில் அதனோடு தாலிக்குப் பொன்னும் சேர்ந்தது. ஏழைப் பெண்ணுக்கு அது துணையே என்றாலும், பொட்டுக்கட்டை அறுத்தெறிந்தவரின் பெயர் தாலிப்பொன்னில் ஒட்டிக்கொண்டிருந்தது பொருந்தாமையே. 2022-இல் அது பெண்களின் உயர்கல்விக்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா வழங்கும் திட்டமாக மாறியது. 2024-இன் இறுதியில், அரசு பொருளுதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் பயின்ற பெண்களுக்கும் அது நீண்டது. இது பாராட்டத்தக்க மாற்றம். ஆயினும் அத்தொகையைப் பெறும் மாணவியருள் எத்துணைப் பேர் அவர்தம் புதினத்தைக் கையால் தொட்டிருப்பர்? பெயரைத் திட்டத்துக்கு வைத்துவிட்டு நூலைப் பரணில் வைப்பது, சிலைக்கு மாலையிட்டுச் சிந்தனைக்குப் பூட்டிடுவதாகும்.

செய்ய வேண்டுவன வெளிப்படை. தமிழ் மன்றங்கள் இவ்விருவரின் நூல்களையும் பெண்பிள்ளைகளின் கைகளிற் சேர்க்கட்டும். ஆடவர் மட்டுமே வீற்றிருக்கும் மேடைகள் நாணட்டும். மகள் எதையோ எழுதி மறைத்து வைத்திருந்தால், அதைப் பிடுங்கிச் சிரிக்கும் தந்தை தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கட்டும். அவள் எழுதியதில் பிறசொல் இருந்தால் சினக்க வேண்டா. பல்லாவரத்துத் தோட்டத்தில் அடிகள் செய்தது போல, அருகே நிறுத்தி, இச்சொல்லுக்கு மாற்றாக இச்சொல் இருந்தால் எத்துணை இனிமை என்று, அவளை நிகரானவளாக மதித்துச் சொன்னால் போதும்.

எல்லாச் சிறுமியர்க்கும் மறைமலையடிகள் தந்தையாக வாய்ப்பதில்லை. பெரும்பாலோர்க்கு வாய்ப்பது திருவாரூர்க் குழந்தையின் வறுமையே. அவர்கள் பட்டதை எழுதத் துணைநிற்பதும் தமிழ்த்தொண்டே. அதுவே முதல் தொண்டு. பெண்ணின் நா கட்டவிழட்டும். தமிழ் தானே கட்டவிழும்!